நோட்டா முதலிடம் வந்தால் மறுதேர்தல் நடக்குமா?

சட்டமன்றத் தொகுதி ஒன்றில் நோட்டாவுக்கு (‘இவர்களில் யாருக்கும் வாக்கில்லை’ என்ற தேர்வு) அதிக வாக்கு விழுந்தால் தேர்தல் ரத்தாகும், நின்றவர்கள் மறுபடி போட்டியிட முடியாது என்று இணையத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார். சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் அப்படி ஒரு விதி இல்லை. நோட்டா முதலிடம் பிடித்தாலும், வேட்பாளர்களில் அதிக வாக்கு பெற்றவரே வெற்றி பெற்றவர். 2013 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு தந்தது, யாரையும் பிடிக்கவில்லை என்று ரகசியமாகப் பதிவுசெய்யும் உரிமையை மட்டும்தான்.

குழப்பம் வந்த வழி புரிகிறது. மகாராஷ்டிரா, ஹரியானா மாநிலத் தேர்தல் ஆணையங்கள் 2018-இல் உள்ளாட்சித் தேர்தல்களுக்கு மட்டும் மறுதேர்தல் ஏற்பாட்டைக் கொண்டுவந்தன. அந்தச் செய்தியைத்தான் யாரோ தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துக்கும் சேர்த்துப் பரப்பிவிட்டார்கள் போல.

நீங்களே சரிபார்க்கலாம். 1961-ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளில் 64-ஆம் விதியைப் படியுங்கள்: செல்லத்தக்க வாக்குகளை அதிகம் பெற்ற வேட்பாளரையே வென்றவராக அறிவிக்க வேண்டும் என்கிறது. அப்புறம், தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் உங்கள் தொகுதியின் படிவம் 20 (இறுதி முடிவுத் தாள்) கிடைக்கும். அதில் வாக்குச்சாவடி வாரியாக நோட்டா தனிக் கட்டத்தில் இருக்கும். செல்லத்தக்க வாக்குகளின் கூட்டுத்தொகையில் அது சேராது. வேட்பாளர் கட்டிய டெபாசிட் திரும்பக் கிடைக்குமா என்று பார்க்கும் கணக்கிலும் நோட்டா சேராது.