படத்துக்குக் கீழே ஒரு வரி

அமெரிக்கக் கறுப்பின மக்கள் செய்திகளை நம்பாததற்குப் பழைய கசப்புதான் காரணம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. என்னால் ஏற்க முடியவில்லை.

2005-இல் கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸ் மூழ்கியபோது வந்த இரண்டு படங்களைப் பாருங்கள். இரண்டிலும் மார்பளவு வெள்ளம், கையில் சாமான்கள். கறுப்பின இளைஞரின் படத்துக்குக் கீழே, மளிகைக் கடையைச் 'சூறையாடிவிட்டு' வருகிறார் என்று இருந்தது. வெள்ளையர் இருவர் ரொட்டியும் சோடாவும் 'கண்டெடுத்து' வருவதாக மற்றதில் இருந்தது. இரண்டும் வெவ்வேறு செய்தி நிறுவனங்களின் படங்கள், எழுதியவர்களும் வேறு. சரி. ஆனால் படிப்பவர் கண்ணில் இரண்டும் சேர்ந்தேதானே பட்டன? அந்த ஒரு வினைச்சொல் எவ்வளவு வலித்திருக்கும்!

அப்புறம் 2020, சுவிட்சர்லாந்தின் டாவோஸில் உலகப் பொருளாதார மன்றக் கூட்டம். காலநிலைக்காகப் போராடும் கிரேட்டா துன்பர்க் உள்ளிட்ட ஐந்து இளம்பெண்கள் நின்ற படத்திலிருந்து உகாண்டாவின் வனேசா நகாட்டே மட்டும் வெட்டி நீக்கப்பட்டார். மிஞ்சிய நால்வரும் வெள்ளையர். பின்னால் இருந்த கட்டடம் உறுத்தியதால் வெட்டினோம் என்றது படத்தை வெளியிட்ட ஏபி செய்தி நிறுவனம், பிறகு மன்னிப்பும் கேட்டது. கெட்ட எண்ணம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். வெட்டும்போது அங்கே ஒரு பெண் நிற்பது யாருக்கும் உறைக்கவில்லையே, அதுதான் என்னை உலுக்குகிறது.

பத்திரிகைகள் வெள்ளையர் கண்ணால் மட்டுமே உலகைப் பார்க்கின்றன என்று, இனக் கலவரங்களை ஆராய அமெரிக்க அரசு அமைத்த கெர்னர் ஆணையம் 1968-லேயே எழுதிவிட்டது. இதைப் பழைய கசப்பு என்று எப்படிச் சொல்கிறீர்கள்? படத்துக்கு வரி எழுதும் மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கட்டுரையாளர் கேட்டிருக்க வேண்டும்.