ஒரே சுரத்திலும் உருக்க முடியும்

ராக் கிட்டார் கலைஞர்களை ஒப்பிடும் கட்டுரை, வேகத்தை வைத்து ட்ரீம் தியேட்டர் குழுவின் ஜான் பெட்ரூச்சியை முதலிடத்தில் நிறுத்திவிட்டு, பிங்க் ஃபிளாய்ட் குழுவின் டேவிட் கில்மோரைக் கைத்திறன் குறைந்தவர் என்று ஒதுக்குவது எனக்கு ஒப்பவில்லை. கில்மோர் கம்பியை இழுத்து வளைக்கும்போது சுருதி துல்லியமாகப் போய் உட்கார்ந்து, அங்கேயே மெல்ல அதிர்கிறது. அதுவும் கைத்திறன்தானே?

அப்புறம் கிங் கிரிம்சன் குழுவின் கிட்டார் கலைஞர் ராபர்ட் ஃப்ரிப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்தக் குழுவின் 1974 ஆல்பமான 'ரெட்'டில் கடைசியாக வரும் 'ஸ்டார்லெஸ்' கேட்டுப் பாருங்கள். நடுவில், 13 எண்ணிக்கைத் தாளத்தின் மேல், ஒரே சுரத்தை இரண்டு கம்பிகளில் மாற்றி மாற்றி மீட்டுவார். நிமிடக்கணக்கில் அப்படியே போகும். சுரம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மேலேறும். எத்தனை முறை கேட்டாலும் எனக்கு மூச்சு முட்டுகிறது.

ஜெனசிஸ் குழுவின் ஸ்டீவ் ஹாக்கெட் 1971-லேயே அவர்களின் ஆல்பத்தில் டேப்பிங் (கிட்டார் கழுத்தின் மேல் கம்பியை விரலால் தட்டி வாசிப்பது) வாசித்தவர். ஆனால் நெஞ்சில் நிற்பது, 'ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்' பாட்டில் அவர் நீட்டிப் பிடிக்கும் சுரங்கள்தான். பெட்ரூச்சியும் நிதானமாக வாசிக்கும் இடங்களில் உருக வைப்பார், சரி. அந்த இடங்களைப் பற்றியும் எழுதியிருக்கலாமே!