ஆலையின் கிருமியையும் அரசே படித்து வைக்க வேண்டும்

2017 தொடங்கி 2018 நடுப்பகுதி வரை நம் தென்னாப்பிரிக்காவில் பரவிய லிஸ்டீரியா நோய், உணவு வழியே தொற்றும் லிஸ்டீரியா என்ற கிருமியால் உலகில் அதுவரை பதிவான தொற்றுகளிலேயே மிகப் பெரியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். 200க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பாதிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய பத்தில் நான்கு பேர் பிறந்து ஒரு மாதம்கூட நிறையாத சிசுக்கள் என்பதை என்னால் இன்றும் சாதாரணமாகச் சொல்ல முடியவில்லை.

இந்தக் கிருமியைப் பிடிப்பது ஏன் அவ்வளவு கடினம்? கிருமி கலந்த உணவை உண்டவருக்கு நோய் தென்பட எழுபது நாள் வரைகூட ஆகலாம். காய்ச்சலோடு மருத்துவமனைக்கு வந்த கர்ப்பிணியிடம், இரண்டு மாதங்களுக்கு முன் எந்தக் கடையில் என்ன வாங்கிச் சாப்பிட்டாய் என்று கேட்டால் அவர் என்ன பதில் சொல்வார்? அதனால்தான் ஜோகன்னஸ்பர்க்கில் உள்ள தேசியத் தொற்றுநோய் நிறுவனம், நோயாளிகளின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த கிருமிகளின் முழு மரபணுவையும், அதாவது ஏறக்குறைய 30 லட்சம் எழுத்துகளையும், வரிசைப்படுத்திப் படித்தது. பத்தில் ஒன்பது கிருமிகள் எஸ்டி6 என்ற ஒரே வகையைச் சேர்ந்தவை. நாடெங்கும் சிதறிக் கிடந்த நோயாளிகளுக்கு நோய் ஓரிடத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்பது அப்போது தெளிவானது. ஆனால் அந்த இடம் எது என்பது மட்டும் தெரியவில்லை.

அதைக் காட்டிக்கொடுத்தது 2018 ஜனவரியில் சொவேட்டோவில் பிள்ளைகளைப் பகலில் விட்டுச்செல்லும் ஒரு காப்பகம். அங்கிருந்து சில குழந்தைகள் வயிற்றுப்போக்கோடு பரக்வனாத் மருத்துவமனைக்கு வந்தபோது, அங்கிருந்தவர்கள் மருந்து கொடுத்து அனுப்பிவிடாமல் சந்தேகப்பட்டார்கள். சுகாதார அதிகாரிகள் காப்பகத்துக் குளிர்பெட்டியில் இருந்த பொலோனி என்ற பதப்படுத்திய இறைச்சியை எடுத்துச் சோதித்தார்கள். ஒரு குழந்தையின் மலத்திலும் அந்தப் பொலோனியிலும் அதே எஸ்டி6 கிருமி இருந்தது. அந்தத் தடத்தைப் பிடித்துப் பொலோக்வானே நகரில் ஓர் இறைச்சி ஆலைக்குப் போனபோது, ஆலையின் உள்ளே எடுத்த மாதிரிகளிலும் அதுவே கிடைத்தது.

மார்ச் 4ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, சுகாதார அமைச்சர் அதை அறிவித்தார். டர்பனின் சட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டில் பொலோனி ரொட்டி பிள்ளைகளின் அன்றாட மதிய உணவு. அம்மா உடனே குளிர்பெட்டியைக் காலி செய்து, தட்டு தட்டாகக் கழற்றி, பிளீச் கலந்த தண்ணீரில் கழுவினார். "பிரிட்ஜில்தானே வச்சிருந்தோம், எப்படிக் கெட்டுப்போகும்?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். லிஸ்டீரியா குளிரிலும் பெருகும் என்பதை நம்மில் பலருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நன்றாகச் சூடாக்கினால் அது செத்துவிடும். ஆனால் பொலோனியை நாம் அப்படியே வெட்டித்தான் உண்கிறோம். மாரியம்மன் கோயிலில் கொதிக்கக் கொதிக்க ஊற்றும் கஞ்சியில் இந்த ஆபத்து இல்லை.

என் கருத்து இதுதான். மரபணுவைப் படிக்கும் அறிவு நம் நாட்டில் அன்றே இருந்தது. அதை ஆலையின் கிருமிகள் மீது திருப்பத்தான் தாமதமாயிற்று. ஆலைக்குள் தரை வடிகாலிலும் வெட்டும் இயந்திரத்திலும் எடுக்கும் மாதிரிகள் பெரும்பாலும் நிறுவனத்தின் கோப்புக்குள்ளேயே முடங்கிவிடுகின்றன. லிஸ்டீரியா கிடைத்தால் அந்தக் கிருமியை அரசு ஆய்வகத்துக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்க வேண்டும். நோயாளியின் கிருமியும் ஆலையின் கிருமியும் ஒரே தரவுத்தளத்தில் இருந்தால், முதல் சில நோயாளிகளிலேயே ஆலையைக் கண்டுபிடித்துவிடலாம். இதற்குச் செலவாகும் என்பார்கள். மலிவான இறைச்சியைத் தவிர வேறெதையும் வாங்க முடியாத குடும்பங்கள்தான் அன்று அந்தச் செலவைப் பிள்ளைகளின் உயிராகக் கட்டின.

நோயாளியிடம் லிஸ்டீரியா கண்டால் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்ற விதியே நோய் பரவிக்கொண்டிருந்த 2017 டிசம்பரில்தான் வந்தது. ஆலையில் கண்ட கிருமியை யாருக்குத் தெரிவிக்கிறார்கள் என்று எங்கள் வார்டு கூட்டத்தில் நான் கேட்கப் போகிறேன். டர்பனில் இருக்கும் நண்பர்கள் உங்கள் வார்டிலும் கேளுங்கள்.