பாதிப் பேரை அனுப்பினாலும் பற்றாக்குறை தீராது

"அமெரிக்க மத்திய அரசில் பாதி ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பினால் பட்ஜெட் பற்றாக்குறையே இருக்காது, ஜனநாயகக் கட்சிதான் ஆள் சேர்த்துச் சேர்த்துக் கெடுத்தது" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

2022 கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ராணுவத்தினரையும் தபால் துறையையும் தவிர்த்த ஊழியர்களின் சம்பளமும் சலுகைகளும் சேர்ந்து சுமார் 27,000 கோடி டாலர். அந்த ஆண்டுப் பற்றாக்குறை சுமார் 1.4 லட்சம் கோடி டாலர். பாதிப் பேரை அனுப்பினாலும் அதில் பத்தில் ஒரு பங்குதான் அடைபடும். பெரும்பணம் போவது முதியோர் ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, ராணுவம், கடனுக்கான வட்டி இவற்றுக்கு. இவற்றில் கை வைக்க இரண்டு கட்சிகளுமே தயங்குகின்றன.

அப்புறம் அந்தக் கட்சிக் கதை. 1994இல் 2,72,900 பணியிடங்களைக் குறைக்கும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் அப்போதைய அதிபர் கிளிண்டன், ஜனநாயகக் கட்சிக்காரர். தானாக விலகியவர்களுக்கு 25,000 டாலர் வரை கொடுத்தார்கள். எந்த வேலை தேவை, எது வேண்டாம் என்று அவருடைய துணை அதிபர் அல் கோர் தலைமையில் முந்தைய ஆண்டே ஆய்வு தொடங்கியிருந்தது. அதற்கு முன் குடியரசுக் கட்சி அதிபர் ரீகன் காலத்தில் ஊழியர் எண்ணிக்கை கூடத்தான் செய்தது.

பார்க்காமல் வெட்டினால் என்ன ஆகும்? 2025 பிப்ரவரியில் அணு ஆயுதங்களைப் பராமரிக்கும் துறையில் பலருக்குப் பணிநீக்கக் கடிதம் கொடுத்தார்கள். சில நாட்களிலேயே திரும்பக் கூப்பிட வேண்டியதாயிற்று. சிலரை எப்படித் தொடர்புகொள்வது என்றே தெரியாமல் திண்டாடினார்கள்.

அரசு சிறியதாக வேண்டும் என்பது நியாயமான கருத்துதான், அதை வாதாடுங்கள். ஆனால் இந்தக் கணக்கை வைத்து வேண்டாம்.