ஸ்கேன் எடுத்தாச்சு, தாள் எதற்கு?

செடிகளை உலர்த்தித் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் சேகரமான ஹெர்பேரியம் பற்றிப் பேச்சு வந்தாலே இந்தக் கேள்வி வந்துவிடுகிறது: "எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்து இணையத்தில் ஏற்றிவிட்டால், அந்தக் காய்ந்த இலைகளை எதற்குக் கட்டிக் காக்கணும்?" 2024-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் உள்ள தன் ஹெர்பேரியத்தை மூடப்போவதாக அறிவித்தது. அப்போதிருந்து எனக்கு மனசே ஆறவில்லை.

தீவுத் தாவரங்களை நினைத்தால் இன்னும் வலிக்கிறது. ஹவாயின் பூக்கும் தாவரங்களில், மனிதர் கொண்டுவராமல் தானாக வந்து வேரூன்றியவற்றில், ஏறக்குறைய 90 சதவீதம் உலகில் வேறெங்கும் கிடையாது. சில இனங்களுக்கு ஒரே ஒரு பள்ளத்தாக்குதான் கதி. அங்கே ஆடு புகுந்தாலோ பாறை சரிந்தாலோ இனமே போச்சு.

ஹவாயின் மாவி தீவில் ஹலேயாகாலா எரிமலைச் சரிவில் செம்பருத்திக்குச் சொந்தக்கார மரம் ஒன்று இருந்தது. ஹிபிஸ்காடெல்ஃபஸ் வைல்டெரியானஸ் என்று பெயர். மாடுகளின் மேய்ச்சலில் அந்தக் காடு சிதைந்தது. 1912 வாக்கில் கடைசி மரத்தைப் பார்த்தபோது அது செத்துக்கொண்டிருந்தது. மிஞ்சியது ஹெர்பேரியத்தில் இருந்த மாதிரிதான். நூறாண்டு கழித்து, ஹார்வர்டில் இருந்த மாதிரியிலிருந்து துளித் திசு எடுத்து, டிஎன்ஏவைப் படித்து, மணம் உண்டாக்கும் மரபணுக்களை ஈஸ்ட்டில் இயக்கிப் பார்த்தார்கள். அந்தப் பூவின் வாசனையில் என்னென்ன இருந்திருக்கலாம் என்பது ஓரளவு தெரிந்தது. எவ்வளவு துல்லியமான படமாக இருந்தாலும் அதிலிருந்து டிஎன்ஏ எடுக்க முடியுமா?

ஹெர்பேரியத் தாள்கள் பலவற்றில் ஒரு சின்னக் காகித உறை ஒட்டியிருக்கும். உதிர்ந்த பூ, விதை, இலைத்துண்டு எல்லாம் அதற்குள்தான். சந்தேகம் வந்தால் அதிலிருந்து ஒரு பூவை எடுத்து, வெந்நீரில் ஊறவைத்து, இதழைப் பிரித்து, நுண்ணோக்கியில் மகரந்தத் தாள்களை எண்ணுவார்கள். ஸ்கேனில் தெரிவது பெரும்பாலும் அந்த உறையின் வெளிப்பக்கம் மட்டுமே.

தாள் போனால் என்ன ஆகும் என்பதையும் ஹவாய் ஏற்கெனவே அனுபவித்துவிட்டது. வில்லியம் ஹில்லபிராண்ட் என்ற மருத்துவர் 1851 முதல் 1871 வரை அங்கே தங்கிச் செடிகளைச் சேகரித்தார். அவருடைய தாவர நூல் அவர் இறந்த பிறகு 1888-இல் வெளிவந்தது. பெர்லினில் இருந்த அவரது மாதிரிகள் 1943 மார்ச்சில் குண்டுவீச்சில் எரிந்துபோயின. அவர் வைத்த ஒரு பெயர் எந்தச் செடியைக் குறிக்கிறது என்று குழப்பம் வந்தால், அவர் வேறு ஊர்களுக்கு அனுப்பிவைத்த இரட்டை மாதிரிகளை, அதாவது அதே செடியிலிருந்து அதே நேரத்தில் எடுத்த மற்ற மாதிரிகளைத்தான் தேட வேண்டியிருக்கிறது. அதுவும் இல்லாவிட்டால் நூலின் விவரிப்பை வைத்து ஊகம்தான்.

ஸ்கேன் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. ஹொனலூலுவில் இருப்பவர் லண்டனில் உள்ள வகை மாதிரியை, அதாவது ஓர் இனத்தின் பெயருக்கு ஆதாரமான மாதிரியை, தன் மேசையிலேயே பார்க்க முடிவது பெரிய விஷயம். ஆனால் ஸ்கேனருக்குக் கிடைக்கிற நிதி, பூச்சி அரிக்காமல் தாளைக் காப்பவருக்கும், பெயர் மாறும்போதெல்லாம் அதைச் சரியான அடுக்குக்கு மாற்றி வைப்பவருக்கும் கிடைப்பதில்லை. ஒரு நிறுவனத்தால் நடத்த முடியவில்லை என்றால் சரி, சேகரத்தைப் பிரிக்காமல், பராமரிப்புப் பணத்தோடு சேர்த்து இன்னொரு ஹெர்பேரியத்திடம் ஒப்படைக்கட்டும். தீவுகளில் எடுத்த மாதிரிகளில் இரட்டை இருந்தால், ஒன்று அந்தத் தீவின் ஹெர்பேரியத்துக்கே போய்ச் சேரட்டும்.