அகலமும் எடையும் முதலில்
உள்ளேயே தங்கி உறங்கும்படி மாற்றியமைத்த சாகசப் பயண வேனுக்கு, நான்கு சக்கரங்களையும் எஞ்சினே சுழற்றும் நான்கு சக்கர இயக்கம்தான் முதல் தகுதி என்று ஒரு கட்டுரை கூறுவதை என்னால் ஏற்க இயலவில்லை. ஐரோப்பாவில் இத்தகைய பயணங்களுக்கு ஃபியட் டுகாட்டோ வேன் பெரிதும் விரும்பப்படுவதற்குக் காரணம், முன்சக்கர இயக்கம் என்பதால் பின்சக்கரங்களுக்குச் செல்லும் சுழல்தண்டு இல்லாமல் தளம் தாழ்ந்திருப்பதும், பக்கச்சுவர்கள் ஏறத்தாழ நேராக எழுவதால் உட்புறம் சுமார் 1.87 மீட்டர் அகலம் கிடைத்து, நடுத்தர உயரமுள்ளவர் குறுக்காகவே படுக்க முடிவதும்தான். மெர்சிடிஸ் ஸ்பிரின்டர் வேனில் நான்கு சக்கர இயக்கம் கிடைக்கும் என்பது உண்மையே. ஆனால் அது விலையோடு எடையையும் கூட்டும். சாதாரண கார் ஓட்டுநர் உரிமத்தோடு ஓட்டும் வண்டியின் மொத்த எடைக்கு ஐரோப்பாவில் பொதுவான உச்சவரம்பு 3.5 டன் என்பதால், தண்ணீர்த் தொட்டி, மின்கலம், மரவேலை, பயணிகள் (மிதிவண்டிகளைப் பலர் மறந்துவிடுகிறார்கள்) அனைத்தும் அதற்குள் அடங்க வேண்டும். மண்பாதையில் எப்போதாவது செல்பவருக்கு நல்ல டயர்களே போதும்.