வளாகத்துக்கு வெளியே ஒரு வகுப்பறை

பல்கலைக்கழகம் தன் வளாகத்துக்கு வெளியே முதியோர் கல்வி மையம் நடத்துவதை, ஏதோ உபகாரம் செய்வதைப் போலவே நெல்லைச் சீமையில் பலரும் பேசுகிறார்கள். அத்தகைய மையங்களின் வரலாற்றைப் படித்தால், உண்மையில் கடன்பட்டது பல்கலைக்கழகம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

1867இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்ற இளம் ஆசிரியர், லீட்ஸ், லிவர்பூல், மான்செஸ்டர், ஷெஃபீல்டு ஆகிய நகரங்களுக்குச் சென்று பெண்களுக்கு வானியல் பாடம் நடத்தினார். இளைஞர் ஒருவர் பெண்களிடம் நேருக்கு நேர் கேள்வி கேட்பது அந்நாளைய வழக்கத்துக்கு ஒவ்வாது என்பதால், கேள்விகளை அச்சிட்டுக் கொடுத்து, விடைகளை எழுதி வாங்கித் திருத்தினார். சங்கடத்தைத் தவிர்க்கச் செய்த அந்த ஏற்பாடே பிறகு நல்ல கற்பித்தல் முறையாயிற்று. ராச்டேல் நகரின் கூட்டுறவுத் தொழிலாளர்களிடையே பேசியபோது, உரை முடிந்தும் அவர் மாட்டியபடியே விட்டுச்சென்ற படங்களை வைத்து அவர்கள் தமக்குள் விவாதித்தார்கள்; உரையோடு ஒரு கலந்துரையாடல் வகுப்பும் வேண்டும் என்பதை அவர் அங்கேதான் கற்றுக்கொண்டார். 1873இல் கேம்பிரிட்ஜ் இதை முறையாக ஏற்று, நாட்டிங்காம், டெர்பி, லெஸ்டர் நகரங்களில் வகுப்புகளைத் தொடங்கியது.

ஆனால் கட்டணத்தை நம்பி நடந்த வகுப்பு கூலியோடு சேர்ந்தே தடுமாறும். நார்தம்பர்லாந்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் ஆர்வத்தோடு நடத்திவந்த வகுப்புகள், 1887 வேலைநிறுத்தத்துக்குப் பின் தாக்குப்பிடிக்கவில்லை. அரசுப் பணத்தை நம்பினாலும் கதை பெரிதாக மாறிவிடுவதில்லை. 1978 அக்டோபர் 2 அன்று இந்தியாவில் தொடங்கிய தேசிய முதியோர் கல்வித் திட்டம், 15 முதல் 35 வயது வரையிலான பத்துக் கோடிப் பேருக்குக் கல்வி தர முனைந்தது. அதில் பயிற்றுநருக்கு மாத மதிப்பூதியம் 50 ரூபாய்தான். அந்தத் தொகைக்கு இரவில் அரிக்கேன் விளக்கோடு வந்து பாடம் சொன்னவர்களை எந்த வரலாறு நினைவில் வைத்திருக்கிறது?

1990இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்து மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் உருவானது. அதன் அபிஷேகப்பட்டி வளாகத்துக்கும் முக்கூடல், ஆலங்குளம், கடையம் பகுதிகளில் பீடி சுற்றும் பெண்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கிலோமீட்டரில் மட்டும் அளக்க முடியாது. பீடியைக் கடையில் ஒப்படைத்து, மறுநாளைக்கான இலையும் தூளும் வாங்கி, சமையலையும் முடித்த பிறகே அவர்களுக்கு ஒழிவு கிடைக்கிறது. காலை பத்து மணி வகுப்பு அவர்களுக்கானது அன்று.

ஆகவே, அந்த ஊர்களிலேயே மாலை வகுப்பு வேண்டும். திட்டக்காலம் முடிந்ததும் நின்றுபோகாதபடி, பல்கலைக்கழக வரவுசெலவுத் திட்டத்தில் அதற்கு நிரந்தர ஒதுக்கீடும் வேண்டும். கூலிக் கணக்கையும் வருங்கால வைப்புநிதி விதிகளையும் பீடித் தொழிலாளர்களுக்கான சட்டப் பாதுகாப்புகளையும் முதல் பாடமாக வைக்கலாம் என்பது என் எண்ணம். வேறு பாடம்தான் வேண்டுமென்று அந்தப் பெண்கள் சொன்னால், அதையே வைக்க வேண்டும்.